வள்ளுவர் சிலை உயரத்தில் ஒரு செல், உரித்த தேங்காய் அளவில் ஒரு வைரஸ்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. வைரஸ், பாக்டீரியா, செல், உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று பாடத்தில் வரும் அளவுகளை உருப்போடுகிறாள், மறுநாளே மறந்துவிடுகிறாள். இதை மனசில் நிற்கிற மாதிரி வரிசைப்படுத்த வழி உண்டா? வைரஸ் எப்போதுமே பாக்டீரியாவைவிடச் சிறியதுதானா? அப்புறம், ரொம்பச் சின்னதாக இருப்பதால்தான் வைரஸை ஆன்டிபயாட்டிக்கால் பிடிக்க முடியவில்லையா? இவ்வளவுதான் கேள்வி.

நான் நாகர்கோவில் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு மறந்துபோவதில் அதிசயமே இல்லை. 7 மைக்ரோமீட்டர், 100 நானோமீட்டர் என்பதெல்லாம் கை தொட்டுப் பார்க்காத எண்கள். தொட்டுப் பார்க்கிற எண்ணாக மாற்றினால் தானாக நிற்கும்.

எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்குவோம். அப்படிச் செய்தால் ஒரு மைக்ரோமீட்டர் ஒரு மீட்டராகிவிடும், ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகிவிடும். வேறு கணக்கே தேவையில்லை. இந்த அளவில் ஐந்தரை அடி ஆள் ஒருவர் கன்னியாகுமரியில் கால் வைத்துப் படுத்தால் தலை போபாலில் இருக்கும். அவர் உடம்புக்குள்ளே இருக்கிற செல்களை நம் மாவட்டத்திலேயே பார்த்துவிடலாம்.

கடலுக்குள் நிற்கிற வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். கரையில் இருக்கிற காந்தி மண்டபம் 79 அடி, 24 மீட்டர். நம் கல்லீரல் செல் 20 முதல் 30 மைக்ரோமீட்டர், ஆக அது ஒரு காந்தி மண்டபம். கன்னத்தின் உள்பக்கத்துச் செல் 60 மைக்ரோமீட்டர் அகலம் வரும். ஒன்றரை வள்ளுவர் சிலையைப் படுக்க வைத்த அகலம், ஆனால் அப்பளம் போலத் தட்டை. பெண்ணின் கருமுட்டை 0.12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வள்ளுவர் மேல் வள்ளுவர், அவர் மேல் இன்னொரு வள்ளுவர் நின்ற உயரம் அது. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியத் தொடங்குவது இந்த அளவில்தான்.

ரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். கிராமத்துக்குள் ஓடுகிற மினி பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபில் எங்களுக்கு இதுதான் அளவுகோல். ஸ்லைடில் எது தெரிந்தாலும் பக்கத்தில் கிடக்கிற சிவப்பணுவோடு ஒப்பிட்டுத்தான் பெரிசு, சிறிசு என்று சொல்வோம். யானைக்கால் நோய்க்கு ராத்திரியில் எடுக்கிற ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா என்ற குட்டிப் புழு தெரியும். நீளம் கால் மில்லிமீட்டர், அதாவது நம் அளவில் கால் கிலோமீட்டர். ஆனால் தடிமன் ஒரு சிவப்பணு அகலம்தான். அதனால்தான் அவ்வளவு நீளப் புழு நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் சிக்காமல் போய்வருகிறது. எங்கே நுழைய முடியும் என்பதைத் தீர்மானிப்பது நீளமில்லை, தடிமன். இதை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

இப்போது பாக்டீரியா. நம் குடலில் இருக்கிற ஈ.கோலை 2 மைக்ரோமீட்டர் நீளம், ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன், நம் அளவில் ஒரு கட்டில். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருப்பீர்கள். மேலே தண்ணீர் ஓடுகிற தொட்டி ஏழடிச் சொச்சம் அகலம். ஈ.கோலையை அதற்குள் குறுக்கே கிடத்தினால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். பாலத்தின் உயரம் 115 அடி, ஒரு பெரிய செல். பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் செல்லுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வித்தியாசம் கழுத்து வலியோடு மனசில் பதியும். சீழ்ப் புண்ணில் வருகிற ஸ்டெஃபைலோகாக்கஸ் உருண்டை ஒரு மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கல்யாண வீட்டு அண்டா மாதிரி.

செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் அதே கட்டில் அளவு, அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன். இது தற்செயல் இல்லை. எப்போதோ ஒரு பெரிய செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடியேறிவிட்ட பாக்டீரியாவின் வாரிசுதான் மைட்டோகாண்ட்ரியா. 1967இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ, புரதம் செய்யத் தனி ரைபோசோம் உண்டு.

வைரஸுக்கு வந்தால் அளவு சட்டென்று விழுந்துவிடுகிறது. கோவிட் வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், நம் அளவில் 10 சென்டிமீட்டர். உரித்த தேங்காய். டெங்கு வைரஸ் 50 நானோமீட்டர், ஒரு எலுமிச்சை. போலியோ வைரஸ் 30 நானோமீட்டர், ஒரு பெரிய நெல்லிக்காய். இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நம் செல்லில் புரதம் செய்கிற ரைபோசோமும் 25 முதல் 30 நானோமீட்டர்தான். அதாவது தொழிற்சாலையைக் கைப்பற்ற வருகிற போலியோ வைரஸ், அந்தத் தொழிற்சாலையில் இருக்கிற லட்சக்கணக்கான இயந்திரங்களில் ஒன்றின் அளவுதான்.

அதற்கும் கீழே வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாடி ஒரு நிலக்கடலை. ஹீமோகுளோபின் ஒரு கொத்தமல்லி விதை. செல் சவ்வின் கனம் 7 அல்லது 8 நானோமீட்டர், இரண்டு ரப்பர் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்ட கனம். காந்தி மண்டபம் அளவு செல்லுக்குச் சுவர் அவ்வளவுதான்!

டிஎன்ஏவை மட்டும் அப்படி ஓடிக் கடக்க மனசு வரவில்லை. தடிமன் 2 நானோமீட்டர், நம் அளவில் 2 மில்லிமீட்டர் சணல். ஒரு மனிதச் செல்லில் இருக்கிற மொத்த டிஎன்ஏவையும் நீட்டினால் 2 மீட்டர் வரும். அப்படியானால் சணலின் நீளம் 2000 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து பறவை பறக்கிற வழியில் குவாலியர் வரை. இது முழுவதும் 6 மீட்டர் விட்டமுள்ள உட்கரு என்ற உருண்டை அறைக்குள் கிடக்கிறது. முடியுமா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு சணலும் சேர்ந்து அறையில் பதினெட்டில் ஒரு பங்கு இடம்தான் பிடிக்கிறது. இடம் பிரச்சினையே இல்லை, சிக்கல் விழாமல் சுற்றி வைப்பதுதான் வேலை.

இன்னொரு விஷயத்தையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீளம் பத்து மடங்கு என்றால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு. தேங்காயைவிடக் காந்தி மண்டபம் 240 மடங்குதான் உயரம். ஆனால் அந்த உயரத்தை விட்டமாகக் கொண்ட உருண்டைக்கும் தேங்காய்க்கும் கொள்ளளவு வித்தியாசம் ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம் மடங்கு. ஒரே ஒரு வைரஸ் நுழைந்த செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வைரஸ் எப்படி வெளியே வருகிறது என்று கேட்டால், இடம் அவ்வளவு இருக்கிறது.

இதெல்லாம் கற்பனைப் பெருக்கம். கண்ணால் பார்க்கிற ஒன்றையும் சொல்கிறேன். என் தங்கை மகளை ஒருநாள் லேபில் உட்கார வைத்து, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் கன்னத்தின் உள்பக்கம் லேசாகச் சுரண்டச் சொன்னேன். அதை ஸ்லைடில் தேய்த்து, காயவிட்டு, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினேன். முதலில் சின்ன லென்ஸ். வெளிர்நீலத்தில் கிழிந்த காகிதத் துண்டுகள் மாதிரி செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கரு நீலத்தில் உட்கரு. அப்புறம் எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸைத் திருப்பினேன்.

"மாமா, இந்தப் பொட்டெல்லாம் என்ன, அழுக்கா?"

"அழுக்கில்ல மக்ளே, ஒன் வாயில குடியிருக்க பாக்டீரியா."

செல்லின் மேலேயே ஊசிக் குத்து மாதிரி நீலப் பொட்டுகள், சில தனியாக, சில மணி கோத்த மாதிரி வரிசையாக. செல், உட்கரு, பாக்டீரியா மூன்றும் ஒரே வட்டத்துக்குள்! ஒரு செல்லின் அகலத்துக்கு எத்தனை பொட்டு வரும் என்று எண்ணப் பார்த்தாள், ஐம்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டாள். பிறகு எதிர்பார்த்த கேள்வியே வந்தது: வைரஸ் எங்கே?

அது தெரியாது. லென்ஸ் போதாததால் இல்லை, ஒளியே போதாததால். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். அதில் பாதிக்கும் கீழே, சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால், எவ்வளவு நல்ல கண்ணாடி லென்ஸாலும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே 1873இலேயே இதைச் சொல்லிவிட்டார். நம் அளவில் அது 20 சென்டிமீட்டர், ஒரு சாண். சாணுக்கு மேலே இருப்பது ஒளியில் தெரியும், சாணுக்குக் கீழே இருப்பதற்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கிற பீங்கான் வடிகட்டியில் நோயுற்ற புகையிலைச் சாற்றை வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தின் பெயெரிங்க் அதை மறுபடி செய்துபார்த்து, இது பாக்டீரியா இல்லை, வேறு வகை என்று சொன்னார். அந்தப் புகையிலை வைரஸின் படம் கிடைத்தது 1939இல்தான். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன். நம் அளவில் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், விரல் தடிமன். சாணைவிட நீளம்தான், ஆனால் தடிமன் காலை வாரிவிட்டது.

தடிமன் விளையாடுவதற்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரிலும் சேற்றிலும் நிற்கிறவர்களுக்கு வருகிற இதன் கிருமி லெப்டோஸ்பைரா பாக்டீரியாதான், நீளம் 6 முதல் 20 மைக்ரோமீட்டர், சிவப்பணுவைவிட நீளம்கூட ஆகலாம். ஆனால் தடிமன் 0.1 மைக்ரோமீட்டர், அரைச் சாண். சுசீந்திரம் தேர் வடத்தில் ஒரு துண்டை வெட்டி முறுக்கிவிட்ட மாதிரி. சாதாரணமாகச் சாயம் போட்டுப் பார்த்தால் அகப்படாது. இருட்டுப் பின்னணியில் பக்கவாட்டில் ஒளி விட்டுப் பார்ப்போம், அப்போது வெள்ளிக் கம்பி துடிக்கிற மாதிரி மின்னும். ஓட்டு இடுக்கில் விழுகிற வெயிலில் தூசி மின்னுகிறதே, அதே கதை. இந்தக் கிருமி 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும் நுழைந்து போய்விடும்.

வடிகட்டி என்றதும் ஒன்று. தோர்த்துத் துண்டில் வடிகட்டிய தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். துணியின் இடைவெளி நம் அளவில் பல பத்து மீட்டர், பாக்டீரியா கூட்டமாகவே போகலாம். பீங்கான் கேண்டில் பாக்டீரியாவைப் பெரும்பாலும் நிறுத்தும், வைரஸை விட்டுவிடும். கொதிக்க வைப்பது அளவு பார்ப்பதில்லை.

இனி ரப்பர். குலசேகரம், அருமனைப் பக்கம் சொந்தமோ பந்தமோ உங்களுக்கு இருக்கும். விடியுமுன் வெட்டிவிட்டு, சிரட்டையில் சொட்டுகிற பாலைப் பார்த்திருப்பீர்கள். அது மரத்தின் சாறு என்று நினைக்கிறோம். உண்மையில் அது செல்லின் உள்ளிருப்பு. பட்டைக்குள் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து குழாய்களாக ஓடுகின்றன. கத்தி பட்டதும் அவற்றின் சைட்டோபிளாசமே வழிகிறது. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும், அதனால் குழாய் மறுபடி பாலை உண்டாக்கிக்கொள்ளும்.

அந்தப் பாலில் மிதக்கிற ரப்பர் துகள்கள் 0.1 மைக்ரோமீட்டரில் தொடங்கி 2, 3 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். அதாவது தேங்காயிலிருந்து கட்டில் வரை, கோவிட் வைரஸ் அளவிலிருந்து பாக்டீரியா அளவு வரை எல்லாமே ஒரே சிரட்டையில். ஒரு சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் பெரிய லென்ஸில் பார்த்தேன். பெரிய துகள்கள் வட்டம் வட்டமாகத் தெளிவாக, ஓரிடத்தில் நில்லாமல் நடுங்கிக்கொண்டே இருந்தன. சின்னவை இன்னும் வேகமாகத் துள்ளின, வடிவம் பிடிபடவில்லை. அதற்கும் சின்னவை ஒரு மினுக்கம் மட்டும். சாண் எல்லை எங்கே இருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். அந்தத் துள்ளலுக்குக் காரணம் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிப்பது. பால் வெள்ளையாக இருப்பதும் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயவிட்டால், துகள்கள் ஒன்றாகி, தண்ணீரும் போய், வெள்ளை மறைந்து தேன் நிறத்தில் ஒளி ஊடுருவத் தொடங்கும்.

சரி, இரண்டாவது கேள்வி. வைரஸ் எப்போதுமே சிறியதா? பொதுவாக ஆமாம், ஆனால் சட்டமில்லை. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊரில் ஒரு குளிரூட்டுக் கோபுரத் தண்ணீரில் கிடைத்த ஒன்றை, ஒளி மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததால் பாக்டீரியா என்றே எடுத்து வைத்துவிட்டார்கள். அது வைரஸ் என்று 2003இல்தான் தெரிந்தது. மிமிவைரஸ் என்று பெயர் வைத்தார்கள். கூடு 0.4 மைக்ரோமீட்டர், சுற்றியுள்ள ரோமத்தோடு 0.7 வரை. பிறகு வந்த பண்டோராவைரஸ் ஒரு மைக்ரோமீட்டர், சீழ்க் கிருமியைவிடப் பெரிது. மறுபக்கம், 2022இல் கரீபியன் தீவான குவாதலூப்பில், நம் மணக்குடிக் காயலில் நிற்கிற மாதிரி அலையாத்திக் காட்டில், தண்ணீரில் கிடந்த இலையில் ஒரு பாக்டீரியா கிடைத்ததாக வெளியிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு வெள்ளை நூல் மாதிரி தெரியும், 2 சென்டிமீட்டர் வரை வளரும். நம் அளவில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை நீண்ட ஒரே செல்! ஆகவே அளவை வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று முடிவு செய்யக் கூடாது. தானே உண்டு, தானே புரதம் செய்து, தானே இரண்டாகப் பிரிந்தால் பாக்டீரியா. அடுத்தவன் செல்லுக்குள் போனால்தான் பெருக முடியும், சொந்தமாக ரைபோசோம் கிடையாது என்றால் வைரஸ். பிறர் செல்லுக்குள் மட்டுமே பிழைக்கிற பாக்டீரியாவும் உண்டு, ஆனால் அதுவும் தன் ரைபோசோமோடுதான் போகும்.

இதிலேயே மூன்றாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாததற்குக் காரணம் அளவே இல்லை. பென்சிலின் மூலக்கூறு ஒரு நானோமீட்டர் அளவுதான், கடுகைவிடச் சிறியது. எலுமிச்சையை அதனால் எட்ட முடியாதா என்ன? எட்டியும் பயனில்லை. பென்சிலின் குலைப்பது பாக்டீரியா சுவர் கட்டுகிற வேலையை, வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. டெட்ராசைக்ளின் அடைப்பது பாக்டீரியாவின் ரைபோசோமை, வைரஸிடம் அது இல்லை. அடிக்க வேண்டிய இடமே இல்லாதபோது மருந்து யாரை அடிக்கும்?

நம் தோப்பிலேயே பாருங்கள். வாழையில் இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கிற முடிக்கொத்து நோய் வைரஸால் வருவது. அந்த வைரஸ் 18 முதல் 20 நானோமீட்டர், ஒரு கோலிக்குண்டு, ரைபோசோமைவிடவும் சிறிது. அதைச் சுமந்து வருகிற அசுவினியோ நம் அளவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பூச்சி. மருந்து கிடையாது, வாழையைத் தோண்டி அழிக்க வேண்டியதுதான். தென்னையில் வருகிற வேர் வாடல் நோய்க்குக் காரணமானது ஃபைட்டோபிளாஸ்மா. 0.2 முதல் 0.8 மைக்ரோமீட்டர், சுவர் இல்லாத பாக்டீரியா. இந்த வகைக் கிருமிகளை நெடுங்காலம் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். 1967இல் ஜப்பானில் மல்பெரிச் செடியில் இவற்றை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கண்டார்கள். கூடவே டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்ததில் செடி தேறியது. வைரஸ் என்றால் அந்த மருந்துக்குத் தேறியிருக்காது. சுவர் இல்லாததால் பென்சிலினும் இதனிடம் பலிக்காது.

கடைசியாகப் பரீட்சைக்கு ஒன்று. புத்தகத்துக்குப் புத்தகம் எண் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம். செல் என்பது அச்சில் வார்த்த செங்கல் இல்லை. ஆனால் மைக்ரோவையும் நானோவையும் மாற்றி எழுதுவதுதான் மார்க்கைக் கொண்டுபோகும். முன்பு ஒரு பையனின் நோட்டில் ரைபோசோம் 20 மைக்ரோமீட்டர் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'அப்படியென்றால் ஒரு ரைபோசோம் காந்தி மண்டபம் அளவு ஆகிறதே, செல்லை எங்கே வைப்பாய்?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மைக்ரோவை அடித்துவிட்டு நானோ என்று எழுதினான்.